ஸனதைக் கேட்ட சமுதாயம் செய்தியைச் சோதிக்கவும் கற்கட்டும்



ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் ஓர் ஆவணம் அமைச்சரின் முன் வைக்கப்பட்டது. கைபர் வாசிகளுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து விலக்களித்து நபி (ஸல்) அவர்கள் எழுதிக்கொடுத்த மடல் இது என்று அதனைக் கொண்டுவந்தோர் கூறினர். நபித்தோழர்களின் சாட்சியமும் அதில் பதிவாகியிருந்தது. பார்த்தவர்கள் வியந்தனர். அமைச்சர் அம்மடலை, 'தாரீகு பக்தாத்' என்னும் பெருநூலின் ஆசிரியரான இமாம் கதீப் அல்பக்தாதி (ரஹ்) அவர்களிடம் காட்டினார். இமாம் அவர்கள் அதனை நோக்கிவிட்டு, இது புனையப்பட்டது என்று தீர்ப்புரைத்தார்கள்.

எப்படி அறிந்தீர்கள் என்று கேட்கப்பட்டது. இமாம் அவர்களின் விடை மிக எளிமையானது. மடலில் சாட்சியாக முஆவியா (ரலி) அவர்களின் பெயர் உள்ளது. அவர்கள் இஸ்லாத்தை ஏற்றதோ மக்கா வெற்றியின்போது, அதாவது ஹிஜ்ரி 8இல். கைபர் வெற்றி கொள்ளப்பட்டதோ ஹிஜ்ரி 7இல். மற்றொரு சாட்சியாக ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களின் பெயர் உள்ளது. அவர்களோ கைபருக்கு ஈராண்டுகளுக்கு முன்பே, பனூ குறைழா நிகழ்வை அடுத்து வஃபாத்தாகிவிட்டார்கள். ஒருவர் அன்று முஸ்லிமாகவே இல்லை. மற்றவர் அன்று உயிருடனேயே இல்லை. அவ்வாறிருக்க, சாட்சியம் எங்கிருந்து வந்தது?

மையையோ தோலையோ எழுத்தின் அழகையோ வைத்து இமாம் அவர்கள் முடிவுக்கு வரவில்லை. ஆண்டைக் கேட்டார்கள், ஆளைக் கேட்டார்கள். அவ்வளவுதான், ஆவணம் தானே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இந்நிகழ்வை மதரஸாக்களில் ஹதீஸ் கலையின் பெருமைக்குச் சான்றாக நாம் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறோம். சொல்லிவிட்டுப் பாடத்தை மூடிவிடுகிறோம். ஆனால் அந்தப் பாடம் இன்று வகுப்பறைக்கு வெளியே, நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில், நம் மஹல்லாவின் பாதுகாப்பில், நம் வியாபாரிகளின் அன்றாடப் பிழைப்பில் தேவைப்படுகிறது. இக்கலையை இன்றைய கருவிகளோடு கற்றுத் தேர்ந்த செய்தியாளர்களை நம் சமுதாயம் உருவாக்க வேண்டும், அதற்கு ஜமாஅத்துகள் பொறுப்பேற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாயிலாக நாம் முன்வைக்கும் கருத்தாகும்.

ஒரு தேதி காப்பாற்றியிருக்கக் கூடியது

2020 மார்ச் இறுதியை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடியிருந்தோரைப் பற்றிய செய்திகள் வெளியான சில நாள்களிலேயே, நோயைப் பரப்புவதற்கென்றே முஸ்லிம்கள் திட்டமிட்டுச் செயல்படுகின்றனர் என்ற பழி நாடெங்கும் பரவியது. அதற்கு ஆதாரமாகக் காணொளிகள் வலம் வந்தன. அவற்றுள் ஒன்றில், காவல் வாகனத்தில் அமர்ந்திருக்கும் ஒருவர் காவலர் மீது உமிழ்கிறார். இவர் தப்லீக் ஜமாஅத்தைச் சேர்ந்தவர் என்று அக்காணொளியின் கீழே எழுதப்பட்டிருந்தது.

உண்மை கண்டறியும் செய்தியாளர்கள் அதனை ஆராய்ந்தபோது, அது மும்பைப் பகுதியில் நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட விசாரணைக் கைதி ஒருவருடையது என்பதும், அதே காணொளி அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியிலேயே செய்தியாக வெளிவந்திருந்தது என்பதும் தெரியவந்தன. மர்கஸ் பற்றிய பேச்சு எழுவதற்கு ஒரு மாதம் முன்னரே எடுக்கப்பட்ட படம் அது! மற்றொரு காணொளியில் சிலர் தட்டுகளை நாவால் துடைக்கின்றனர். கிருமியைப் பரப்பும் சதி என்று அது காட்டப்பட்டது. உணவை ஒரு பருக்கையும் வீணாக்கலாகாது என்பதற்காக போரா சமூகத்தார் கடைப்பிடிக்கும் வழக்கத்தைக் காட்டும் பழைய படம் அது. கொரோனா என்ற சொல்லை உலகம் கேள்விப்படுவதற்கு முன்பே இணையத்தில் இருந்தது.

கதீப் அல்பக்தாதி (ரஹ்) அவர்கள் அந்த மடலிடம் கேட்ட கேள்வியைத்தான் இக்காணொளிகளிடமும் கேட்க வேண்டியிருந்தது: நீ பிறந்த நாள் எது? அக்கேள்வியைச் சிலர் கேட்டனர், விடையும் கண்டனர். ஆயினும் அவ்விடை வருவதற்குள் பல மாநிலங்களில் தெருவில் காய்கறி விற்ற ஏழை முஸ்லிம்கள் பெயர் கேட்கப்பட்டுத் திருப்பியனுப்பப்பட்டனர். பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டினர் 29 பேர் மீதான வழக்குகளை அவ்வாண்டு ஆகஸ்டில் ரத்து செய்தபோது, மர்கஸுக்கு வந்தோர்க்கு எதிராக ஊடகங்களில் பெரும் பிரசாரம் நடந்ததைக் குறிப்பிட்டு, அவர்கள் பலிகடாவாக்கப்பட்டதாகத் தோன்றுகிறது என்ற கருத்தைப் பதிவு செய்தது. நீதி வந்தது, ஐந்து மாதம் கழித்து வந்தது. காய்கறி வண்டிக்காரரின் ஐந்து மாதப் பிழைப்பை எந்தத் தீர்ப்பும் திருப்பிக் கொடுக்கவில்லை.

உள்ளூரில் ஒரு நிருபர் இருந்திருந்தால்

இலங்கையின் அம்பாறையில் 2018 பிப்ரவரி 26 இரவு நடந்ததை நோக்குவோம். முஸ்லிம் ஒருவர் நடத்திய உணவகத்தில், உணவில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, இது சிங்களவர்க்குப் பிள்ளைப்பேறு இல்லாமல் ஆக்கும் மருந்துதானே என்று ஒரு கூட்டம் கடைக்காரரை நெருக்கியது. சிங்களம் சரிவரத் தெரியாத அவர் அச்சத்தில் தலையசைத்து ஏதோ விடை கூறினார். அது படம்பிடிக்கப்பட்டு, ஒப்புதல் வாக்குமூலம் என்ற பெயரில் முகநூலில் பரவியது. அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. பின்னர் அரசப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக் கட்டி என்று தெரிந்தது. அதற்குள் மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டத்தின் திகனையிலும் சுற்றுப்புறங்களிலும், வேறொரு மரணத்தைக் காரணமாகக் காட்டி, வீடுகளும் கடைகளும் எரிந்தன. எரிந்த வீட்டினுள் ஓர் இளைஞர் உயிரிழந்தார். அரசு நெருக்கடி நிலையை அறிவித்து, ஏறத்தாழ ஒரு வாரம் சமூக ஊடகங்களை முடக்கியது. அந்நாள்களில் தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு 2020இல் ஃபேஸ்புக் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது.

இதில் நாம் சிந்திக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. பொய்யின் வேகத்தைத் தலைநகரில் அமர்ந்திருக்கும் பெரிய ஊடகம் தடுக்க முடியாது. அதற்குச் செய்தி தெரியும்போது ஊர் எரிந்துகொண்டிருக்கும். இரு மொழியும் அறிந்த, அந்தக் கடையை அறிந்த, அக்காணொளியின் முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று கேட்டறிந்து ஒரு மணி நேரத்துக்குள் சரிபார்த்த செய்தியை வெளியிடத் தெரிந்த ஓர் உள்ளூர்ச் செய்தியாளர் அங்கே தேவைப்பட்டார்.

தமிழ்நாட்டின் நிலையும் சிந்திக்கத்தக்கதே. 2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் திரிகின்றனர் என்ற வாட்ஸ்அப் வதந்தியால், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்ற முதிய பெண்மணி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். அக்காலத்தில் நாடெங்கும் பரவிய கடத்தல் காணொளிகளுள் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட குறும்படம். குழந்தையைத் திருப்பி ஒப்படைக்கும் இறுதிக் காட்சியை எவரோ வெட்டிவிட்டனர். 2023 மார்ச்சில் பீஹார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகின்றனர் என்று வடமாநிலங்களில் காணொளிகள் பரவின. தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் தாமே காணொளியில் தோன்றி, அவை தொடர்பற்ற வேறு சண்டைகளின் படங்கள் என்று விளக்க வேண்டியதாயிற்று. முன்னதில் இறந்தவர் இந்துப் பெண்மணி. பின்னதில் பழிக்குள்ளானது தமிழ்நாடு முழுவதும். பொய்ச்செய்திக்கு மதமில்லை. இன்று அண்டை வீட்டுக்கு வந்தது, நாளை நம் வாசலுக்கு வரும்.

சிற்றூர்களில் செய்தி எப்படி உருவாகிறது என்பதையும் அறிந்துகொள்வோம். பெரும்பாலான ஊர்களில் முழுநேரச் செய்தியாளர் இல்லை. பகுதிநேர நிருபர் ஒருவர், வேறொரு தொழிலையும் பார்த்துக்கொண்டு, கைப்பேசியில் வரும் தகவலைத் திருத்தி அனுப்புகிறார். அவருக்கு முறையான ஊதியமும் இல்லை, பயிற்சியும் இல்லை. முதலில் அனுப்புபவருக்கே மதிப்பு. இந்நிலையில் அவர் சோதிக்காமல் அனுப்பிவிட்டார் என்று பழிப்பது எளிது. சோதிக்கும் வழியை அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்பதே நியாயம்.

கருவிகள் யாவை?

டிஜிட்டல் கருவிகள் என்றதும் பெரும் பொருட்செலவு என்று அஞ்ச வேண்டியதில்லை. இவற்றுள் மிகப் பல இலவசமானவை. பல கைப்பேசியிலேயே இயங்குபவை.

ஒரு படம் வந்தால், கூகுள் லென்ஸ், டின்ஐ போன்ற தளங்களில் அதனை இட்டு, இதற்கு முன் அது எங்கெங்கே வெளியாயிற்று என்று தேடலாம். காணொளி என்றால், இன்விட் என்னும் கருவி அதனைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துத் தரும். ஒவ்வொன்றையும் தேடிப் பார்க்கலாம். நிழல் விழும் திசையையும் நீளத்தையும் கொண்டு படம் எடுக்கப்பட்ட பொழுதைக் கணிக்க சன்கால்க் என்ற தளம் உதவும். கடைப் பலகையின் எழுத்து, பேருந்தின் நிறம், மினாராவின் வடிவம், பின்னணியிலுள்ள மலை ஆகியவற்றைக் கூகுள் எர்த்தின் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு இடத்தை உறுதி செய்யலாம். ஒரு தளம் தன் செய்தியைச் சத்தமின்றி மாற்றிவிட்டாலோ நீக்கிவிட்டாலோ, வேபேக் மெஷின் என்னும் இணைய ஆவணக் காப்பகத்தில் பழைய வடிவம் கிடைக்கக்கூடும். படக்கோப்பினுள் எடுத்த நேரமும் கருவியும் பதிவாகியிருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அப்பதிவு அழிந்துவிடும் என்பதால், எடுத்தவரிடம் மூலக் கோப்பையே கேட்டுப் பெற வேண்டும் என்பதும் பயிற்சியின் ஒரு பாடம்.

ஹதீஸ் மாணவர் எவரும் இவற்றைக் கண்டு திகைக்க மாட்டார். மூலக் கோப்பைக் கேட்பது, இடைப்பட்டவரை விட்டு முதல் ராவியைத் தேடிச் செல்வதற்கு ஒப்பாகும். யாரிடமிருந்து பெற்றார் என்பதை மறைத்து அனுப்புவது தத்லீஸ். ஒருவரின் கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்னென்ன பரப்பினார் என்று ஆராய்வது, அஸ்மாஉர் ரிஜால் கலையின் கேள்வியேயாகும். ஸனது சரியாக இருந்தும் மத்னில் பிழை இருக்கக்கூடும் என்று நம் அறிஞர்கள் எச்சரித்தது போலவே, உண்மையான படத்துக்குப் பொய்யான விளக்கம் எழுதப்படுவதையும் இன்றைய ஆய்வாளர் கண்காணிக்கிறார்.

இந்த ஒற்றுமையைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு நின்றுவிடுவோர் உண்டு. நம்மிடம் எல்லாம் முன்பே இருந்தது என்பார்கள். இருந்தது உண்மை. ஆயினும் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஊர் ஊராகப் பயணம் செய்து கற்றார்கள். முன்னோரின் பெருமையை மட்டும் பேசிக்கொண்டு புகாராவிலேயே அமர்ந்திருக்கவில்லை.

பயிற்சி பெற்றால் எளியவராலும் என்ன செய்ய இயலும் என்பதற்கு ஒரு சான்று. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் எலியட் ஹிக்கின்ஸ் என்பவர், செய்தியாளர் பட்டம் ஏதுமின்றி, வீட்டிலிருந்தபடியே சிரியாப் போர்க் காணொளிகளை ஆராய்ந்து 2012இல் வலைப்பூவில் எழுதத் தொடங்கினார். 2014இல் அவர் நிறுவிய பெல்லிங்கேட் குழு, உக்ரைன் வானில் 298 உயிர்களைப் பலிகொண்ட எம்எச் 17 விமானத்தை வீழ்த்திய ஏவுகணை வாகனம் சென்ற வழியை, மக்கள் தற்செயலாக எடுத்திருந்த படங்களைக் கொண்டே தொடர்ந்து கண்டறிந்தது. நம் நாட்டிலும் 2017இல் பிரதீக் சின்ஹாவும் முஹம்மது ஜுபைரும் தொடங்கிய ஆல்ட் நியூஸ், மேலே கண்டவை போன்ற பொய்களை நாள்தோறும் ஆராய்ந்து வருகிறது. தமிழில் யூடர்ன் போன்ற குழுக்கள் இப்பணியைச் செய்கின்றன.

பயிற்சிக்கு வழியே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2018 ஜூனில் கூகுள் நிறுவனம், இந்தியாவில் 8,000 செய்தியாளர்களுக்குச் சரிபார்ப்புப் பயிற்சி அளிக்கும் திட்டத்தை அறிவித்தது. ஆங்கிலத்தோடு தமிழ் உள்ளிட்ட ஆறு இந்திய மொழிகளில் அது வகுக்கப்பட்டது. முதலில் பயிற்றுநர்களை உருவாக்கி, அவர்கள் வழியாகப் பிறருக்குக் கற்பிப்பது அதன் முறை. இத்தகைய வாய்ப்புகள் வரும்போது, நம் மஹல்லாக்களிலிருந்து செல்லத்தக்க இளைஞரையும் பெண்மக்களையும் நாம் ஆயத்தப்படுத்தி வைத்திருக்கிறோமா என்பதே கேள்வி.

நம் குழுக்களிலும் இதே சோதனை வேண்டும்

பிறர் நம்மைப் பற்றிப் பரப்பும் பொய்யை மட்டும் பேசிவிட்டு முடித்துக்கொண்டால் அது நீதியாகாது. 2023 அக்டோபருக்குப் பின், காஸாவின் துயரம் என்று நம் சமுதாயக் குழுக்களில் பகிரப்பட்டவற்றுள் சிரியாவின் பழைய படங்களும் இருந்தன. ஆர்மா 3 என்னும் கணினி விளையாட்டின் காட்சிகள்கூடப் போர்க்களக் காட்சிகளாக உலகெங்கும் உலவின. பகிர்ந்தோரின் உள்ளத்தில் இருந்தது இரக்கம்தான். ஆனால் விளைவு என்ன? உண்மையான ஜனாஸாக்களின் படங்களையும் போலி என்று தள்ளிவிட எதிர்த்தரப்புக்கு அது சாக்காகிவிட்டது. அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட செய்தியாளர்கள் உயிரைக் கொடுத்து உண்மையைப் பதிவு செய்திருக்கின்றனர். ஒரு பொய்ப்படம் அவர்களின் உழைப்பையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடுகிறது.

கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவர் பொய்யர் ஆவதற்குப் போதுமானது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளதை ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் காண்கிறோம். அறத்துக்காகப் பகிர்கிறேன் என்பவருக்கு அதில் விலக்கு அளிக்கப்படவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சுமத்தப்பட்ட அவதூறு ஏறத்தாழ ஒரு மாத காலம் மதீனாவில் பேசப்பட்டது. அதனைப் புனைந்தோர் சிலரே. நாவிலிருந்து நாவுக்கு எடுத்துச் சென்றோரில் நல்லோரும் இருந்தனர். சூரத்துந் நூரின் வசனங்கள் புனைந்தோரைக் கண்டித்ததோடு, சுமந்து சென்றோரையும் கண்டித்தன. இக்காலத்து ஃபார்வர்டு பொத்தானை அழுத்தும் விரலும் அந்த நாவைப் போன்றதே.

கருவிக்கு அதபு உண்டு

சரிபார்ப்பைக் கடமையாக்கிய அதே சூரத்துல் ஹுஜுராத், ஆறாம் வசனத்துக்குப் பின் பன்னிரண்டாம் வசனத்தில், பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. இவ்விரண்டும் ஒரே அத்தியாயத்தில் அமைந்திருப்பது நம் பயிற்சிக்கு வழிகாட்டியாகும். செய்தியைத் துருவு, மனிதரின் அந்தரங்கத்தைத் துருவாதே.

இன்றைய கருவிகளுக்கு இந்த எல்லை தெரியாது. ஒரு படத்தைக் கொண்டு பொய்யைக் கண்டறியும் அதே தேடல், ஒரு பெண்ணின் வீட்டு முகவரியையும் கண்டறிய உதவும். 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும் முஸ்லிம் பெண்களின் படங்களை இணையத்திலிருந்து திரட்டி, அவர்களை ஏலம் விடுவது போன்ற இழிவான செயலிகள் உருவாக்கப்பட்டதை நாம் அறிவோம். அவற்றில் குறிவைக்கப்பட்டோருள் துணிவுடன் எழுதிய பெண் செய்தியாளர்களும் இருந்தனர். ஆகவே நம் பெண்மக்களை இத்துறைக்கு அனுப்பக் கூடாது என்று சிலர் முடிவு கட்டலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. பெண்களின் துயரைப் பெண்களே சென்று கேட்டறிய வேண்டிய செய்திகள் எத்தனையோ உள்ளன. பாதுகாப்பாகக் கணக்குகளை வைத்துக்கொள்வது, கடவுச்சொல்லுடன் இரண்டாம் கட்ட உறுதிப்படுத்தலையும் அமைத்துக்கொள்வது, மிரட்டல் வந்தால் சான்றுகளைச் சேமித்து முறையிடுவது ஆகியவை பயிற்சியின் முதல் வாரத்திலேயே கற்பிக்கப்பட வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

மற்றோர் அதபும் உண்டு. நம் சமுதாயத்தின் வழக்கறிஞராக மட்டும் ஒரு செய்தியாளர் இருந்துவிட முடியாது. நமக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக அமையினும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்பது சூரத்துந் நிஸாவின் (4:135) கட்டளை. ஒரு பள்ளிவாசல் நிர்வாகத்தின் கணக்கில் குளறுபடி இருந்தால், அதையும் சான்றுடன் எழுதுகிறவரே நம்பப்படுவார். அப்படி எழுதும் பிள்ளையைப் பொறுத்துக்கொள்ளும் மனம் ஜமாஅத் தலைவர்களுக்கும் வேண்டும். கட்டணத்தைக் கொடுத்துவிட்டுப் பேனாவைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள நினைப்போர் இப்பணியில் இறங்காமல் இருப்பதே நலம்.

முன்னோர் தயங்கவில்லை

ஊடகம் நமக்கு ஒவ்வாத துறை என்போர்க்கு நம் வரலாறே மறுமொழியாகும். இலங்கையில் அறிஞர் சித்திலெப்பை அவர்கள் 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார்கள். சிங்கப்பூரில் மகுதூம் சாயபு அவர்கள் 1887இல் 'சிங்கை நேசன்' வார இதழை நடத்தினார்கள். தமிழகத்தில் பா. தாவூத்ஷா அவர்களின் 'தாருல் இஸ்லாம்' பல்லாண்டுகள் வெளிவந்தது. அச்சு இயந்திரம் அன்றைய புதிய கருவி. அதனை அஞ்சி ஒதுங்காமல் கற்றார்கள், எழுத்துக் கோத்தார்கள், கைப்பொருளைச் செலவிட்டார்கள். அவர்களின் கருத்துகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. தம் காலத்தின் கருவியைத் தம் கையில் எடுத்துக்கொண்ட அந்தத் துணிவு நமக்குப் பாடமாகும்.

அவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் இலட்சங்களைச் செலவிடுகிறோம், அதில் தவறில்லை. தொலைக்காட்சியில் நம்மைப் பற்றி ஒரு பொய் வந்தால் கண்டன ஆர்ப்பாட்டத்துக்கு வண்டி பிடித்துச் செல்கிறோம், அதிலும் தவறில்லை. ஆனால் அந்தச் செய்தி அறையில் உட்கார்ந்து, இப்படத்தின் தேதி என்ன என்று கேட்கும் ஒருவராக நம் மகனோ மகளோ இருக்க வேண்டும் என்று எத்தனை வீடுகளில் பேசப்படுகிறது?

இத்துறையில் ஊதியம் குறைவு, நிலையற்றது என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமே. அதனால்தான் இதனைத் தனி ஒரு குடும்பத்தின் சுமையாக விடாமல் மஹல்லாவின் பொறுப்பாக்க வேண்டும் என்கிறோம். இமாமையும் முஅத்தினையும் ஊர் கூடித் தாங்குவதில்லையா? மேலும், சரிபார்ப்புத் திறன் கற்ற ஒருவர் செய்தித்துறையில் மட்டுமே பிழைக்க வேண்டும் என்பதில்லை. ஆசிரியராக, வழக்கறிஞராக, கடைக்காரராக இருந்துகொண்டே அவர் தன் ஊருக்கு நம்பத்தக்க செய்தியாளராகவும் விளங்கலாம்.

என்ன செய்யலாம்?

பெரிய கட்டடமும் பெரிய விழாவும் தேவையில்லை. சில எளிய முன்மொழிவுகளை வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு வட்டாரத்திலும் நான்கைந்து ஜமாஅத்துகள் இணைந்து, மூன்று மாத கால மாலை வகுப்பு ஒன்றை நடத்தலாம். பன்னிரண்டு பேர் போதும்; அவர்களில் சரிபாதியினர் பெண்களாக இருக்கட்டும். அனுபவமுள்ள செய்தியாளரையும், உண்மை கண்டறியும் குழுக்களில் பணியாற்றுவோரையும், ஒரு வழக்கறிஞரையும் அழைத்துக் கற்பிக்கச் செய்யலாம். மாற்று மதத்துச் செய்தியாளர்களும் நம் ஊர்ப் பகுதிநேர நிருபர்களும் அதில் கலந்துகொள்ளக் கதவு திறந்திருக்க வேண்டும். அவர்களும் நம்மவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து கற்ற பழக்கம், பதற்றமான ஓர் இரவில் ஒரு தொலைபேசி அழைப்பாக நமக்கு உதவும்.

இரண்டாவது, பயிற்சி பொய்யை மறுப்பதோடு நிற்கலாகாது. செய்தியைத் தேடவும் கற்பிக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலிருந்து நம் கையில் உள்ளது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்து, முப்பது நாளுக்குள் விடை கோரலாம். பட்டா, சிட்டா, வில்லங்க விவரங்களை இணையத்திலேயே பார்க்கலாம். வக்ஃபுச் சொத்துகளின் விவரங்களும் இணையத்தில் ஏற்றப்பட்டுள்ளன. ஊர் ஏரி சுருங்கியதைக் கூகுள் எர்த்தின் பழைய படங்களோடு ஒப்பிட்டுக் காட்டலாம். நம் ஊர்ப் பள்ளிவாசலுக்குரிய நிலம் யார் கையில் இருக்கிறது என்று சான்றுடன் எழுதும் ஒரு செய்தி, நூறு மேடைப் பேச்சுகளைவிடப் பயன் தரும். குடிநீர், சாக்கடை, ரேஷன் கடை, அரசுப் பள்ளி ஆகியவற்றைப் பற்றி எல்லாருக்காகவும் எழுதுகிறவரைத்தான், நமக்கு நெருக்கடி வரும் நாளில் ஊர் நம்பும்.

மூன்றாவது, மதரஸாக்களில் உஸூலுல் ஹதீஸ் பாடத்தோடு, வாரத்துக்கு ஒரு வகுப்பு சரிபார்ப்புக்கு ஒதுக்கலாம். அன்று குழுவில் வந்த ஒரு செய்தியை எடுத்து, மாணவர்களே அதன் ஸனதைத் தேடட்டும். முதலில் வெளியிட்டவர் யார், எந்த நாளில், எந்த ஊரில் என்று கண்டறிந்து, ஸஹீஹா, ளயீஃபா, மவ்ளூஆ என்று தீர்ப்பெழுதட்டும். ஏட்டில் கற்ற கலை கையில் பழகும். நாளை மிம்பரில் ஏறும் ஆலிம், சோதிக்காத செய்தியை ஜும்ஆ பயானில் சொல்லாதிருக்கவும் அது உதவும்.

செலவுக்கு ஜகாத் நிதியைப் பயன்படுத்தலாமா என்பது ஃபிக்ஹு சார்ந்த தனிக் கேள்வி; அதனை முஃப்திகளிடம் விட்டுவிடுவோம். ஸதகாவும் நன்கொடையும் இதற்குப் போதும். ஒரு வலீமா விருந்தின் மிகுதிச் செலவு, ஒரு வட்டாரத்தின் பயிற்சிச் செலவை ஈடுகட்டிவிடும்.

உண்மை கண்டறியும் குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றனவே, நமக்கென்ன கவலை என்று கேட்கலாம். அவர்கள் சிலர், பொய்களோ பல. அவர்கள் மாநகரங்களில் இருக்கிறார்கள். பொய் நம் தெருமுனையில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவால் இன்று ஒருவர் பேசாததைப் பேசியதுபோல் அவர் குரலிலேயே உருவாக்க முடிகிறது. அத்தகைய குரற்பதிவு ஒன்று நாளை நம் ஊர் இமாமின் பெயரால் பரவினால், அவர் அவ்வேளையில் எங்கிருந்தார், என்ன பேசினார் என்று உடனே அறிந்து சொல்லக்கூடியவர் அவ்வூரில் இருப்பவர்தான்.

ஃபித்னா தோன்றும்வரை ஸனதைப் பற்றி மக்கள் கேட்டதில்லை, அது தோன்றிய பின்னரே அறிவிப்பாளர் யாரென்று கேட்கத் தொடங்கினர் என்ற கருத்தை இமாம் இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்கள் விட்டுச் சென்றுள்ளார்கள். ஃபித்னா நம் கைப்பேசிக்கே வந்துவிட்டது. கேட்கத் தெரிந்தவர்களை வளர்ப்பது இனி நம் கடமை. வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் உங்கள் ஜமாஅத் நிர்வாகிகளிடம் இது பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள். உங்கள் வீட்டில் எழுத்தார்வமுள்ள பிள்ளை இருந்தால், அவன் பெயரையோ அவள் பெயரையோ முதலில் கொடுங்கள்.

உண்மையை உண்மையாகக் கண்டு அதனைப் பின்பற்றவும், பொய்யைப் பொய்யாகக் கண்டு அதிலிருந்து விலகவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.